நனைந்த துணி எதை நம்பி நிற்கும்?

துணியில் சிற்பம் செய்ய இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எதில் முக்கினால் கெட்டியாகும்?" என்பதைத்தான். கெட்டியாவதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. சோற்றுக் கஞ்சி போட்ட வேட்டியே வெயிலில் காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. கலவையில் முக்கி எடுத்த நிமிடத்திலிருந்து இறுகும் நிமிடம் வரை அந்தத் துணி தன் எடையைவிடப் பல மடங்கு ஈரத்தைச் சுமக்கிறது. மடிப்பு சரிவதும், தூக்கி வைத்த கை தொங்குவதும், உள்ளே இருக்கும் கம்பி வளைவதும் அந்த இடைவெளியில்தான். எந்தக் கலவை என்று யோசிப்பதற்கு முன்னால் எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்ற இரண்டு கணக்கையும் போட்டுவிட வேண்டும்.

எடைக் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. கனத்துக்குக் கலவை ஏறினால் அது ஒரு லிட்டர். தண்ணீராக இருந்தால் ஒரு கிலோ. துணிக்கென்று சற்று இளக்கமாகக் கரைத்த பிளாஸ்டர் என்றால் சுமார் ஒன்றரைக் கிலோ. சிமெண்ட் கரைசல் இரண்டு கிலோவை நெருங்கும். குளியல் டவல் ஒன்றில் 4 மி.மீ. கனத்துக்கு சிமெண்ட் ஏறினால் சதுர மீட்டருக்கு ஏழெட்டுக் கிலோ. உலர்ந்த டவலைப் போட்டுப் பார்த்து "கம்பி தாங்குகிறதே" என்று திருப்திப்பட்டால் ஏமாற்றம்தான். அதே அளவு எடையுள்ள ஈரச் சாக்கைச் சட்டத்தின் மேல் போட்டு ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

இனி துணி. கடையில் வாங்கிய புதுக் காடாத் துணியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. நெசவின்போது பாவுக்கு (நீளவாக்கில் ஓடும் நூலுக்கு) போட்ட கஞ்சி அதில் இருக்கும். அது கலவையை உள்ளே விடாமல் தடுக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு முறை அலசிக் காய வைத்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு முத்தாக நின்றால் இன்னொரு முறை அலச வேண்டும். ஓரிரு நொடியில் பரவிவிட்டால் துணி தயார். பழைய வேட்டிதான் இதற்கு முதல் தரம். பல ஆண்டு துவைத்ததில் கஞ்சியெல்லாம் போயிருக்கும், நூலும் இளகியிருக்கும். பாலியெஸ்டர் கலந்த வேட்டி வேண்டாம், கலவை அதன் நூலுக்குள் இறங்காமல் மேலே மட்டும் ஒட்டி, காய்ந்ததும் ஏடு ஏடாகப் பெயரும். சந்தேகம் இருந்தால் நாலு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு மிருதுவான சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்புக் குண்டுமணியாகும்.

வெட்டும் கோணம் பலர் கவனிக்காத விஷயம். பாவு வாக்கில் வெட்டிய துணி விறைப்பாக விழும், மடிப்பு கோணலாக முறியும். பாவுக்கும் ஊடைக்கும் (குறுக்கு நூலுக்கும்) நடுவே 45 டிகிரியில், தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் வாக்கில் வெட்டினால் துணி இழுபட்டுக் கொடுக்கும், மடிப்பு தண்ணீர் மாதிரி வழியும். தோள், முழங்கால், முகம் போன்ற வளைவான இடங்களுக்கு கிராஸ் துண்டு. நேராகத் தொங்க வேண்டிய முந்தானை, கொடி, திரை ஆகியவற்றுக்கு நேர் துண்டு. கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், நெருக்கமாக நெய்த அந்தப் பட்டை மற்ற இடத்தோடு ஒரே சீராகச் சுருங்காது, ஓரம் அலையடிக்கும்.

உள்ளே நிற்கும் சட்டத்துக்கு, இரண்டடி உயர உருவம் என்றால் 8 கேஜ் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்பு, சுமார் 4 மி.மீ.) முதுகெலும்பாகவும் காலாகவும், கைக்கு 10 கேஜ். மூட்டுகளைக் கட்டுக்கம்பியால் இறுக்கி, உடம்புப் பகுதியில் கோழி வலையைச் சுற்றினால் துணி உள்வாங்காது. கட்டுக்கம்பி பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு இல்லாத வெறும் இரும்பு. ஈரப் பிளாஸ்டர் பட்டால் ஒரே வாரத்தில் துருக்கறை மேலே பூத்துவிடும். அதன் மேல் ஒரு கை எனாமல் பெயிண்ட், அல்லது எலக்ட்ரீஷியன் டேப். வளைக்கச் சுலபம் என்று அலுமினியக் கம்பி வாங்குகிறவர்கள் அதைப் பிளாஸ்டருக்கும் பசைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஈர சிமெண்டின் காரத்தில் அலுமினியம் அரிபட்டு வாயுவைக் கிளப்பும், கம்பியைச் சுற்றிக் குமிழி குமிழியாக ஓட்டை விழும். கம்பியின் அடி நுனியைப் பலகையில் துளையிட்டு வளைத்து ஆணியடிக்காமல் வேலை தொடங்கவே வேண்டாம். நிற்காத உருவத்தில் ஈரத்துணியைப் போர்த்துவது சாய்ந்த பந்தலுக்குத் தோரணம் கட்டுகிற வேலை.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்

நேரக் கணக்கில் இதுதான் மிகக் கறார். ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரியில் சுட்டு அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை விரட்டிய பொடி இது. தண்ணீர் பட்டதும் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஊசி ஊசியான படிகங்களாகப் பின்னிக்கொள்கிறது. பின்னல் தொடங்கியபின் துணியை ஒரு விரல் நகர்த்தினாலும் அந்த ஊசிகள் முறியும். முறிந்த இடம் பிறகு எவ்வளவு காய்ந்தாலும் மாவாக உதிரும். "பிளாஸ்டர் மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பாதிக்கு மேல் உண்மையில் தாமதமாக நகர்த்திய கைதான் காரணம்.

துணி முக்குவதற்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 முதல் 1.2 கிலோ வரை பொடி. வார்ப்பு வேலைக்கான கெட்டிக் கலவை இதைவிட அதிகம் வாங்கும், ஆனால் துணியின் நூலுக்குள் அது இறங்காது. தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டும். சல்லடையில் சலித்தபடி தூவி, மேலே சின்னச் சின்னத் திட்டுகள் நனையாமல் நிற்கும்போது நிறுத்தி, ஒரு நிமிடம் ஊற விட்டு, கையுறை போட்ட கையால் அடியிலிருந்து மெதுவாகக் கலக்கவும். வேகமாக அடித்தால் காற்று புகும், இறுகும் நேரமும் குறையும். மோருக்கும் தோசை மாவுக்கும் நடுவில் இருப்பதே பதம்.

சரக்கைப் பொறுத்து கையில் இருப்பது ஆறிலிருந்து பத்து நிமிடம். ஒவ்வொரு மூட்டையிலும் முதலில் ஒரு டம்ளர் கலக்கி, எப்போது கெட்டிப்படுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது உத்தமம். பழைய பிளாஸ்டர் ஒட்டிய வாளியில் புதிதாகக் கலக்கினால் அந்தத் துணுக்குகளே படிகத்துக்கு விதையாகி, மூன்று நான்கு நிமிடத்தில் இறுகிவிடும். உப்பும் அப்படித்தான் அவசரப்படுத்தும். எலுமிச்சைச் சாறும் கோந்தும் தாமதப்படுத்தும், ஆனால் கொஞ்சம் கூடினாலும் வலு போய்விடும். ஒரே நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் கலக்காமல் இருப்பதே இதற்கெல்லாம் சரியான மருந்து.

துணியை முக்கியதும் இரண்டு விரலுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு முறை உருவி அதிகக் கலவையை வழித்துவிடுங்கள். சொட்டச் சொட்டப் போர்த்தினால் மடிப்பின் பள்ளத்தில் கலவை தேங்கி, கூர்மையான மடிப்பெல்லாம் மழுங்கிப்போகும். முதலில் உயரமான இடத்தில் பதித்து, எடையைக் கீழே விழ விட்டு, கடைசியாக ஓரத்தைச் சரிசெய்யவும். பெரிய பரப்பை ஒரே துணியில் மூட ஆசைப்பட வேண்டாம். 30 செ.மீ. அகலத் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று 3 செ.மீ. ஏறும்படி போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி அவகாசம் கிடைக்கும்.

இறுகுவது வேறு, காய்வது வேறு. அரை மணியில் இறுகிவிடும். ஈரம் முழுக்க வெளியேற நல்ல வெயிலில் நாலைந்து நாள், ஐப்பசி அடைமழையில் இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் பெயிண்ட் அடித்தால் குமிழும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புப் பக்கம் வைத்தால் சேர்ந்த நீர் மறுபடி பிரிந்து மேல்பரப்பு பொடியாகும். வெளியில் வைக்கும் உருவத்துக்கு இது உதவாது, ஜிப்சம் லிட்டருக்கு சுமார் 2 கிராம் அளவில் தண்ணீரில் கரையும், ஒரு மழைக்காலத்தில் முகத்தின் மூக்கு நுனி மொழுக்கென்று ஆகிவிடும். (அப்படியானால் பிளாஸ்டர் பிள்ளையார் குளத்தில் ஏன் கரைவதில்லை என்று கேட்கலாம். இரண்டு கிராம் கணக்கில் ஒரு முழுப் பிள்ளையார் கரைய எவ்வளவு ஓடும் தண்ணீர் வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள்.) இன்னொன்று, பிளாஸ்டர் இறுகும்போது சுடும். கையையோ முகத்தையோ நேரடியாகக் கெட்டிப் பிளாஸ்டருக்குள் புதைத்து அச்செடுப்பது தோலை வேகவைக்கும் வேலை. மிச்சக் கலவையைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகும். வாளியிலேயே இறுக விட்டுத் தட்டி எடுத்துக் குப்பையில் போட வேண்டும்.

வெள்ளைப் பசை

ஃபெவிகால் வகை பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. எடை குறைவு, அவகாசம் தாராளம், மடிப்பைப் பத்துமுறை மாற்றலாம். ஆனால் காய ஒரு நாள் ஆவதால் அதுவரை துணியைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும். துணிக்கிளிப்பு, பாலிதீன் சுற்றிய பாட்டில், சுருட்டிய செய்தித்தாள் எல்லாம் முட்டுக் கொடுக்க ஏற்றவை. இதன் பலவீனம் வேனலில் தெரியும். இந்தப் பசையின் பாலிமர் 30–40 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். மார்கழியில் விறைப்பாக நின்ற பாவாடை சித்திரையில் மெல்லத் தொங்குவது இதனால்தான். பசையோடு அரைப் பங்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பொடியைக் கலந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வெயில் விழும் ஜன்னலோரத்துக்கு அதுவும் போதாது.

மெழுகையும் இங்கேயே சொல்லிவிடலாம். பிரெஞ்சுக் கலைஞர் டெகா 1881இல் காட்சிக்கு வைத்த சிறு நடனக்காரியின் மெழுகு உடம்பில் அசல் துணிச் சட்டையும் பாவாடையும் உண்டு. சட்டையின் மேலேயும் மெழுகைத் தடவியதால் துணி எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நம் ஊர் வெக்கைக்கு வெறும் பாரஃபின் இளகும். சுவாமிமலையில் வார்ப்புக்கான மெழுகில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்ப்பார்கள். அந்தச் சேர்மானம் துணிக்கும் கைகொடுக்கும். நேரடித் தீயில் உருக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்க வேண்டும்.

மாவுப் பசையும் வெற்றுக்கூடும்

கம்பியே இல்லாமல் துணி மட்டும் நிற்க முடியுமா என்றால், முடியும். 1,300 ஆண்டுப் பழைய சாட்சி ஜப்பானில் இருக்கிறது. நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயிலின் அசுரர் சிலை, 734ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூன்று முகம், ஆறு கை, 153 செ.மீ. உயரம், எடை சுமார் 15 கிலோ. களிமண்ணில் உருவத்தைப் பிடித்து, அதன்மேல் சணல் வகைத் துணியை அரக்குமரப் பாலில் ஊறவைத்து அடுக்கடுக்காக ஒட்டி, நன்றாக இறுகியபின் முதுகுப்பக்கம் அறுத்து, உள்ளிருந்த மண்ணை வெளியே எடுத்து, மரச்சட்டம் ஒன்றை உள்ளே நிறுத்தி மூடிவிடுவார்கள். முகத்தின் நுணுக்கங்களுக்கு அரக்கோடு மரத்தூள் சேர்த்த பூச்சு. எடைச் சிக்கலை இதைவிடச் சாமர்த்தியமாக யாரும் தீர்த்ததில்லை என்றே சொல்லலாம். துணி ஈரமாக இருக்கும்வரை மண் தாங்குகிறது, துணி தானே நிற்கும் வலு வந்ததும் மண் விலகிக்கொள்கிறது.

அந்த அரக்கு நமக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் தோலில் பட்டால் கொப்புளிக்கும். மைதாப் பசையில் அதே முறையைச் செய்யலாம். 100 கிராம் மைதாவை 100 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் அரை லிட்டர் தண்ணீரில் ஊற்றி, வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடி போலத் தெளியும்வரை கிளற வேண்டும். பூச்சி வராமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் சேர்க்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை டீஸ்பூன். அது விஷம். சமையல் பாத்திரம் கூடாது, இரும்பும் அலுமினியமும் கூடவே கூடாது (துத்தம் அவற்றை அரிக்கும்), பழைய எனாமல் பாத்திரம் சரி. தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் பலகையில் துணி ஒட்டப் பயன்படுத்திய புளியங்கொட்டைப் பசை இன்னும் கெட்டி, ஆனால் கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி அரைக்கும் பாடு அதிகம்.

கால் மீட்டர் உயரமுள்ள ஒரு தலை என்று வைத்துக்கொள்வோம். மண் உருவத்தின்மேல் மெல்லிய பாலிதீன் தாளை ஒட்டினாற்போலச் சுற்றவும். முதல் அடுக்குக்குப் பசை மிகக் குறைவு, ஈரம் மட்டும் போதும். அடுத்த அடுக்கிலிருந்து நிறையப் பசை. முகத்துக்கு 2 செ.மீ. அகல கிராஸ் துண்டுகள், பின்தலைக்கு விரலகலத்தில் மூன்று மடங்கு. ஒரு அடுக்குக்குச் சுமார் 0.3 சதுர மீட்டர் துணி, ஐந்து அடுக்குக்கு ஒன்றரைச் சதுர மீட்டர். ஒவ்வொரு அடுக்கிலும் பாவு முந்தைய அடுக்கின் பாவுக்குக் குறுக்கே வர வேண்டும். எல்லாம் ஒரே வாக்கில் போட்டால் காயும்போது ஒரே பக்கம் இழுத்து முகம் கோணும்.

நாளுக்கு ஒரு அடுக்குதான். பாலிதீன் இருப்பதால் ஈரம் வெளிப்பக்கம் மட்டுமே போக முடியும். அவசரப்பட்டு மூன்று அடுக்கை ஒரே நாளில் ஒட்டினால் மேலே காய்ந்து உள்ளே புளிக்கும். நாலாம் நாள் பூஞ்சை வாசனை வரும், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழலும். ஐந்தாவது அடுக்கு காய்ந்து, தட்டினால் தேங்காய் ஓடு மாதிரிச் சத்தம் வந்தபின் காதுக்குப் பின்னால் பேப்பர் கத்தியால் அறுத்து, மண்ணைக் கரண்டியால் தோண்டி எடுக்கவும். அறுப்பதற்கு முன் வெட்டுக்கோட்டின் குறுக்கே பென்சிலால் நாலைந்து கோடு போட்டு வைத்தால்தான் திரும்ப மூடும்போது விளிம்பு விளிம்போடு பொருந்தும். மூடுவதற்கு முன் உள்ளே மூங்கில் சிம்பு இரண்டைக் குறுக்காக வைத்துப் பசைத்துணியால் ஒட்டுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் கன்னம் உள்வாங்கும். வெட்டை ஊசிநூலால் தைத்து, மேலே இரண்டு அடுக்கு. சலித்த மரத்தூளைப் பசையில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து இமையும் உதடும் பிடிக்கலாம்.

சிமெண்ட்

டவலை சிமெண்டில் முக்கிக் கவிழ்த்த பூந்தொட்டி வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் சொல்லாதது ஒன்று. பருத்தியோ சணலோ சிமெண்டுக்குள் நாளடைவில் தன் இழுவலுவை இழந்து முறிந்துபோகும். துணி முதல் சில நாளுக்கு அச்சு மட்டுமே, நிற்பது சிமெண்ட் ஓடுதான். அந்த ஓடு 8–10 மி.மீ. கனம் இருந்தாக வேண்டும். 2 மி.மீ. ஓட்டில் கட்டெறும்பு ஏறினாலும் கீறல் விழும். அடியில் கோழி வலை, மேலே டவல், இறுகிய மறுநாள் இரண்டாம் பூச்சு என்பதே முறை.

ஒரு கிலோ சிமெண்டுக்கு 450–500 மி.லி. தண்ணீர், சலித்த நைஸ் மணல் அரைக் கிலோ. ஒட்டுதலுக்கு எஸ்.பி.ஆர். லேடக்ஸை (சிமெண்டில் சேர்க்கும் செயற்கை ரப்பர் பால்) டப்பாவில் போட்டுள்ள அளவில் சேர்க்கலாம். வெள்ளைப் பசையைச் சேர்க்கக் கூடாது, சிமெண்டின் காரமும் மழையும் சேர்ந்து அதைத் திரும்பக் குழம்பாக்கிவிடும். டவலின் சுருள் நூல் கலவையைப் பிடித்துக்கொள்ளும், வேட்டித் துணியில் அது வழுக்கி இறங்கும். 24 மணி நேரம் கழித்து ஈரச் சாக்கைப் போர்த்தி ஏழு நாள் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் காய வைத்தால் சிமெண்ட் இறுகத் தேவையான தண்ணீரே போய்விடும், கையால் தேய்த்தால் சாம்பல் வரும். ரப்பர் கையுறை கட்டாயம், சிமெண்ட் தண்ணீர் தோலை அரிப்பது உடனே வலிக்காது, ராத்திரிதான் தெரியும்.

ரெசின் (கெட்டிப்படுத்தும் மருந்து கலந்தால் இறுகும் பிளாஸ்டிக் திரவம்) பற்றியும் கேட்கிறார்கள். போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச் 1976–80இல் செய்த '80 முதுகுகள்' என்ற சிற்பத் தொகுதியின் உருவங்கள், சாக்குத் துணியை ரெசினில் ஊறவைத்து பிளாஸ்டர் அச்சில் அழுத்தி எடுத்தவை. சாக்கின் முரட்டு நூலே தோலாகவும் நரம்பாகவும் தெரியும். பாலியெஸ்டர் ரெசின் வீட்டு மொட்டைமாடி வேலை அல்ல. அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்டையும், அதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்தபின்தான் மற்றதைத் தொட வேண்டும். துணியில் ஈரம் இருந்தால் இறுகாமல் பிசுபிசுக்கும். லேடக்ஸ் ரப்பர் பாலோ கையாள இனிமை, ஆயுள் குறைவு. அமெரிக்கச் சிற்பி எவா ஹெஸ்ஸே 1969இல் மெல்லிய பருத்தி வலைத்துணியில் லேடக்ஸ் பூசித் தொங்கவிட்ட படைப்புகள் இப்போது பழுப்பேறி விறைத்துவிட்டன. காற்றும் வெளிச்சமும் ரப்பருக்குச் செய்யும் வேலை அது.

இறுக்கும் பொருளே வேண்டாம் என்றவர் இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி (1949–2015). பரோடாவில் படித்தவர். சாயம் தோய்த்த நார்க் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயர உருவங்களை எழுப்பினார். அங்கே விறைப்பு முடிச்சின் நெருக்கத்திலிருந்து வருகிறது. இறுக்கமாகப் போட்ட இடம் சுவர் மாதிரி நிற்கும், தளர்த்திய இடம் இதழாக மடியும், மிச்ச எடையை உள்ளிருக்கும் இரும்புச் சட்டம் வாங்கிக்கொள்ளும். முயன்று பார்க்க 6 மி.மீ. சணல் கயிறு போதும். முடித்தபின் வர வேண்டிய நீளத்தைப்போல நாலைந்து மடங்கு நீளக் கயிற்றோடு தொடங்குங்கள், முடிச்சு அவ்வளவு தின்னும்.

எதை எடுத்தாலும் முதலில் 10 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் துணிப் பட்டைகள் ஆறு வெட்டி, ஆறு கலவையில் முக்கி, பாதி நீளம் வெளியே நீட்டியிருக்கும்படி பலகை ஓரத்தில் வைத்துக் காய விடுங்கள். முக்குவதற்கு முன்னும் முக்கிய உடனும் காய்ந்தபின்னும் எடை போட்டு, எத்தனை செ.மீ. தொங்கியது என்று அளந்து, கலவை அளவோடு பட்டையிலேயே அழியாத மார்க்கரில் எழுதவும். பிறகு அவற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, ஒரு சித்திரை வெயிலும் ஓர் ஐப்பசி மழையும் போகட்டும்.